வந்த தாளமும் ஊர்ச் சொல்லும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. வானம் பொழியும் நீரைச் சுண்ணாம்புக்கல் உள்வாங்கி வைத்திருக்க, மக்கள் கிணறு வெட்டி அதனை மேலே கொணர்ந்து பயிர் செய்து வாழ்கின்றனர். புத்தூர்ப் பகுதியில், நவக்கிரியில், நிலாவரை என்னும் ஆழ்கிணறு உண்டு. இராமபிரான் அம்பெய்து தோற்றுவித்தது என்பது ஊரார் வழிவழியாகக் கூறிவரும் கதை. மேலே நன்னீர், ஆழம் செல்லச் செல்ல உவர்நீர்.

இயந்திரம் வருமுன் இந்நிலத்தின் வெங்காயப் பாத்திகளுக்கும் புகையிலைத் தோட்டங்களுக்கும் துலாவினாலேயே நீர் இறைத்தனர். ஒருவர் துலாவின்மேல் முன்னும் பின்னும் நடப்பார். மற்றொருவர் பட்டையைப் பிடித்து நீரை வாய்க்காலில் ஊற்றுவார். தமிழ்நாட்டு ஏற்றக்காரர் பாட்டினாலேயே இறைத்த சால்களை எண்ணினர். பாட்டின் ஓர் அடி ஓர் எண்ணைக் குறிக்கும். எழுத்தறியாத உழவர் தாளத்தின் துணைகொண்டு கணக்கை நினைவில் நிறுத்தினர். ஆகவே, தாளத்தோடு கூடிய சொல் அறிவைத் தாங்கும் என்பது தமிழ் மக்களுக்குப் புதிய செய்தி அன்று.

அரை நூற்றாண்டுக்கு முன் அமெரிக்காவின் ஏழைத் தெருக்களில் தோன்றி, இன்று உலகெங்கும் பரவி, பள்ளிக்கூடங்களுக்குள்ளும் புகுந்துள்ள ஹிப்ஹொப் என்னும் கலையைப் பற்றி ஆராயும்போது, இந்தப் பழைய செய்தியை மறத்தல் ஆகாது. அக்கலை எவ்வாறு பிறந்தது, பிற நாட்டாரின் கையில் எவ்வாறு உருமாறியது, தமிழருக்கு அதனால் விளைந்தது யாது, கல்விக்கு அது எவ்வகையில் உதவும் என்பனவே இங்கு எடுத்துக்கொண்ட பொருள்.

நியூயோர்க் மாநகரின் ஒரு பகுதி புரொங்ஸ். 1948 இல் தொடங்கிய பெருவீதி வேலை அப்பகுதியை ஊடறுத்துச் சென்றது. பல்லாயிரவர் வீடிழந்தனர்; கடைகளும் தொழில்களும் அகன்றன; கறுப்பின மக்களும் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தோரும் சிதைந்த கட்டடங்களிடையே வாழலாயினர். அங்கே செட்ஜ்விக் அவனியூவில் 1520 ஆம் இலக்கக் கட்டடத்தில், 1973 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 11 ஆம் நாள், சின்டி காம்பல் என்னும் இளம்பெண் ஒரு விருந்துக் கூட்டம் நடத்தினாள். பெண்களுக்கு 25 சதமும் ஆண்களுக்கு 50 சதமும் நுழைவுக் கட்டணம். விடுமுறை கழிந்து பள்ளிக்கூடம் திறக்க இருந்தது. புதிய உடை வாங்கப் பணம் தேடுவதே அவள் நோக்கம். உலகை வலம் வந்த ஒரு கலையின் பிறந்தநாளாகக் கொண்டாடப்படுவது, பள்ளிக்கூட உடைக்காகக் காசு சேர்த்த அந்த இரவே.

அன்று இசைத்தட்டுகளை ஒலிக்கச் செய்தவன் அவளுடைய தமையன் கிளைவ் காம்பல். அவனுக்கு அப்போது வயது 18. ஜமெய்க்காவின் கிங்ஸ்டன் நகரிற் பிறந்து, 1967 இல் நியூயோர்க்குக்கு வந்தவன் அவன். கிங்ஸ்டன் தெருக்களில் பெரிய ஒலிபெருக்கிகளை நிறுத்தி, இசைத்தட்டு ஒலிக்கும்போதே அதன் மேலாகப் பேசிக் கூட்டத்தை உற்சாகப்படுத்துவது வழக்கம். அந்த வழக்கத்தை அவன் தன்னோடு கொண்டுவந்தான். ஒரு பாட்டில் குரல் ஓய்ந்து மேளம் மட்டும் ஒலிக்கும் சில விநாடிகளிலேதான் கூட்டத்தார் முழு வேகத்தோடு ஆடுகின்றனர் என்பதைக் கண்டான். ஒரே இசைத்தட்டின் இரு படிகளை இரு சுழல்மேடைகளில் வைத்து, அச்சில விநாடிகளை மாறி மாறி ஒலிக்கச் செய்து நெடுநேரம் நீட்டினான். நீண்ட அந்தத் தாளத்தின்மேல் எதுகையோடு சொற்களை அடுக்கிப் பேசுவது ராப் ஆயிற்று. உடலை வளைத்து ஆடும் நடனமும், சுவரில் எழுதும் ஓவியமும் அதனோடு சேர்ந்தன. இவை யாவும் ஒருங்கே ஹிப்ஹொப் எனப் பெயர் பெற்றன.

இங்கே ஓர் உண்மை கவனிக்கத்தக்கது. அமெரிக்கக் கலை என்று கருதப்படும் இது, தோன்றும்போதே வேறு நாட்டு வழக்கம் ஒன்றின் உருமாற்றமாக இருந்தது. வாத்தியம் வாங்க வசதியில்லாத இளைஞர் இசைத்தட்டையே வாத்தியமாக்கினர். 1975 இல் நியூயோர்க் நகர் நிதி நெருக்கடியில் ஆழ்ந்தபோது ஆசிரியர் பலர் வேலையிழந்தனர். பள்ளிகளில் இசைக்கல்வி மெலிந்தது. பள்ளி கைவிட்ட இசையைத் தெரு காத்தது. முதலில் களிப்புக்காகவே பேசப்பட்ட சொல், 1982 இல் கிராண்ட்மாஸ்டர் பிளாஷ் குழுவினர் வெளியிட்ட ‘த மெசேஜ்’ என்னும் பாட்டின்மூலம் சேரி வாழ்வின் துயரை உலகுக்கு எடுத்துரைக்கும் கருவியாக மாறியது.

அதன்பின் அது கடல் கடந்தது. 1984 இல் பிரான்சின் தொலைக்காட்சியில் இதற்கென ஒரு நிகழ்ச்சி தொடங்கப்பெற்றது. ஆபிரிக்காவிலிருந்து குடியேறியோரின் பிள்ளைகள் பிரெஞ்சு மொழியிற் பாடத் தலைப்பட்டனர். செனகல் நாட்டார், தம் முன்னோரிடம் இருந்த தாசு என்னும் தாளப்பேச்சு மரபே ராப்பின் மூதாதை என்று உரிமை கொண்டாடினர். நியூசீலந்தில், 1988 இல், அப்பர் ஹட் போசி என்னும் குழுவினர் மாவோரித் தலைவர்களின் பழைய எதிர்ப்புப் போர்களை நினைவூட்டிப் பாடினர். எந்த நாட்டிலும் வரலாறு ஏறக்குறைய ஒரே வகையாக நிகழ்ந்தது. முதலில் அமெரிக்கரின் உடையையும் உச்சரிப்பையும் இளைஞர் போலி செய்தனர். அந்தப் போலி நிலைக்கவில்லை. தம் மொழியையும், தம் ஊர்த் துயரையும், தம் பாட்டன் பாட்டியின் தாளத்தையும் அதில் ஏற்றியபோதே அது வேரூன்றியது.

தமிழரிடத்தும் அவ்வாறே நிகழ்ந்தது. 1994 இல் வெளிவந்த ‘காதலன்’ திரைப்படத்தில், ஏ. ஆர். ரகுமானின் இசையில், சென்னைப் பேட்டைத் தமிழ் ராப் வடிவில் ஒலித்தது. அது மக்களை மகிழ்வித்தது. எனினும், தமிழ் ராப்பைத் தனிக் கலையாக நிலைநிறுத்திய பெருமை மலேசியத் தமிழருக்கு உரியது. தோட்டத் தொழிலாளரின் வழித்தோன்றல்கள் நிறைந்த அந்நாட்டில், யோகி பி என்பவர் முன்னர் ஆங்கிலத்திற் பாடிய குழுவொன்றில் இருந்தவர். பின்னர் நட்சத்திரா குழுவினரோடு சேர்ந்து 2006 இல் ‘வல்லவன்’ என்னும் தமிழ்த் தொகுப்பை வெளியிட்டார். இளையராஜாவின் பழைய மெட்டொன்று அதில் புதிய தாளத்தின்மேல் எழுந்து ஒலித்தது. தாயகத்தில் முழுமையாக முளைக்காதது, கடல் கடந்து குடியேறியோரிடையே முளைத்து, பின்னர் தாயகத்துக்குத் திரும்பியது. 2012 இல் கோயம்புத்தூர் இளைஞர் ஆதி ‘ஹிப்ஹொப் தமிழன்’ என்னும் தொகுப்பை அளித்தார். அவருடைய குழுவினரே பின்னர் தமிழ் எழுத்தின் வரலாற்றைக் கூறும் ‘தமிழி’ என்ற ஆவணத் தொடரையும் உருவாக்கினர் என்பது கல்வியை நோக்கி இக்கலை திரும்பியதற்கு ஒரு சான்று.

இலங்கையில் கிரிஷான் மகேசன் 2006 இல் ‘ஏஷியன் அவனியூ’ என்னும் தொகுப்பை வெளியிட்டார். யாழ்ப்பாணத்தைப் பொருளாகக் கொண்டும் அவர் பாடினார். யாழ்ப்பாணத்தில் இளமைக்காலத்தைக் கழித்து, போரினால் இலண்டனுக்குச் சென்ற மாதங்கி அருள்பிரகாசம், எம். ஐ. ஏ. என்னும் பெயரில் ஆங்கிலத்திற் பாடி உலகப் புகழ் பெற்றார். 2005 இல் வெளிவந்த ‘அருளர்’ தந்தையின் பெயரையும், 2007 இல் வெளிவந்த ‘காலா’ தாயின் பெயரையும் தாங்கியவை; பிந்தியதில் உறுமி மேளத்தின் ஒலியும் இடம்பெற்றது. இலங்கையிற் பிறந்து கனடாவில் வளர்ந்த ஷான் வின்சன்ட் டி போல், மிருதங்கக் கலைஞர் யாஞ்சனோடு சேர்ந்து மிருதங்கத்தையே தாளமாகக் கொண்டு ராப் பாடினார். மிருதங்கத்தின் சொற்கட்டை வாயாற் சொல்லும் மரபும், கூத்துக் களரியில் அண்ணாவியார் மத்தள அடிக்கேற்பத் தாளக்கட்டுச் சொல்லும் மரபும் தமிழரிடம் முன்பே இருந்தன. அதனாலேயே வந்த தாளம் அந்நியமாக ஒலிக்கவில்லை.

தாளம் பொருந்துவது ஒரு பாதி. எவருடைய சொல் அதில் ஏறுகின்றது என்பது மறு பாதி. சென்னையில், இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் அமைப்பின் முயற்சியால் உருவான ‘த காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்னும் குழு, 2018 ஜனவரியில் முதன்முதலாக மேடையேறியது. சாதி பேதமற்றோர் என அயோத்திதாசப் பண்டிதர் வழங்கிய சொல்லிலிருந்து அக்குழு தன் பெயரை அமைத்துக்கொண்டது. வடசென்னையின் கானாவும் பறையும் ராப்பும் அந்த மேடையிற் கலந்தன. அக்குழுவில் இருந்த அறிவு, 2019 இல் ‘தெருக்குரல்’ என்னும் தொகுப்பை அளித்தார். 2021 இல் சந்தோஷ் நாராயணனின் இசையில், தீ என்னும் பாடகியோடு அவர் பாடிய ‘என்ஜாய் எஞ்சாமி’ ஒப்பாரியின் சாயலை உலகின் செவிக்கு எட்டச் செய்தது. தம் பாட்டியார் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, பின் வெறுங்கையோடு திரும்ப நேர்ந்தவர் என்று அறிவு கூறியிருக்கிறார். 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை, 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று எண்களால் முடிவு செய்தது. வரலாற்றுப் பாடநூலில் அஃது ஓர் எண். பாட்டில் அது நிலமிழந்த ஒரு கிழவியின் குரல். மாணவன் எதனை மறவாதிருப்பான் என்பதைக் கூறவேண்டியதில்லை.

இவ்விடத்திலேதான் கல்வி பற்றிய கேள்வி எழுகின்றது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஆத்திசூடியும் எண்சுவடியும் உரக்க ஓதப்பட்டன. தாளமே நினைவின் தூண். 19 ஆம் நூற்றாண்டில் அச்சியந்திரமும் வகுப்புமுறையும் வந்தபின் நிலைமை மாறியது. 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப் பாடசாலை தொடங்கிய ஆறுமுக நாவலர், மாணவருக்கெனப் பாலபாடங்களைத் தெளிவான உரைநடையில் எழுதினார். அதனால் விளைந்த நன்மை பெரிது. எனினும் செவியின் இடத்தை மெல்ல மெல்லக் கண் கைக்கொண்டது. அதே நாவலர், கிறித்தவப் பாதிரிமாரின் பிரசங்க முறையைத் தமதாக்கிக்கொண்டு, 1847 டிசம்பர் 31 ஆம் நாள் வண்ணைச் சிவன் கோவிலிலே சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். வெளியிலிருந்து வந்த வடிவத்தில் உள்ளூர்ப் பொருளை ஏற்றுவதற்கு இதனினும் சிறந்த உதாரணம் யாழ்ப்பாணத்தில் அரிது. ஆயினும், அக்காலச் சாதி ஒழுங்கை அப்பிரசங்கம் கேள்விக்கு உட்படுத்தவில்லை. வடிவம் புதிதாயிற்று, பேசும் உரிமை பழைய இடத்திலேயே நின்றது.

நியூயோர்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியைச் சேர்ந்த பேராசிரியர் கிறிஸ்தோபர் எம்டின், ஜிசா என்னும் ராப் கலைஞரோடு சேர்ந்து, நகரின் பத்து அரசினர் பாடசாலைகளில் ஒரு முயற்சியைத் தொடங்கினார். மாணவர் அறிவியற் பாடத்தைக் கற்று, அதன் பொருளைத் தாமே ராப்பாக எழுதிப் பாடினர். 2013 இல் அதன் இறுதிப் போட்டி நடைபெற்றது. பொருள் விளங்காதவன் அதற்கு உவமை காண இயலாது. சொல்லின் பொருள் அறியாதவன் எதுகையில் அதனைப் பிழையின்றி அமைக்க இயலாது. ஆகவே, பாட்டெழுதும் முயற்சியே ஒரு பரீட்சை ஆகிவிடுகின்றது. மும்பாயின் தாராவியில், தமிழரும் மராத்தியரும் பிறரும் நெருங்கி வாழும் குடிசைப் பகுதியில், 2015 முதல் ‘தாராவி ட்ரீம் புரொஜெக்ட்’ என்னும் அமைப்பு, பள்ளி முடிந்த பின் பிள்ளைகளுக்கு ராப்பும் நடனமும் சுவரோவியமும் கட்டணமின்றிக் கற்பித்து வந்துள்ளது. தாராவியின் தமிழ் இளைஞர் இடம்பெற்ற ‘டோப்படெலிக்ஸ்’ குழுவின் குரல் 2018 இல் ‘காலா’ திரைப்படத்திலும் ஒலித்தது.

இங்கு ஒரு வேறுபாட்டைத் தெளிவாக உணர்தல் வேண்டும். ஆசிரியர் எழுதிய எதுகைப் பாட்டை மாணவர் கைதட்டி ஒப்புவிப்பது, திண்ணைப் பள்ளி ஓதுதலின் புதிய வேடமே. மனனத்துக்கு அது பயன்படும். அதற்கு ஹிப்ஹொப் வேண்டியதில்லை. ஹிப்ஹொப் கல்விக்குத் தரும் தனிப் பயன், மாணவன் தானே ஆசிரியனாவது. தன் வீடு, தன் தெரு, தன் ஊர் ஆகியவற்றை அவன் தன் பெயரால் வகுப்பின் நடுவே நின்று கூறுகின்றான். மற்றவர் கேட்கின்றனர். பின்னர் அவர்கள் தம் சொல்லால் மறுமொழி கூறுகின்றனர்.

தெருக்கலையைக் கல்விக்கூடம் ஏற்குமா என்று ஐயுறுவோர், இலங்கையின் அண்மை வரலாற்றை நோக்கலாம். நாட்டுக்கூத்து ஒருகாலத்தில் கற்றோரால் இழிவாக மதிக்கப்பட்டது. தெல்லிப்பழையைச் சேர்ந்த பேராசிரியர் சு. வித்தியானந்தன், பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கூத்தாட வைத்தார். விடிய விடிய ஆடும் கூத்தை மேடைக்கேற்பச் சுருக்கி, 1962 இல் ‘கர்ணன் போர்’ கூத்தை அரங்கேற்றினார். ‘இராவணேசன்’ முதலியன தொடர்ந்து வந்தன. கிராமத்து அண்ணாவியார் பல்கலைக்கழகத்துக்கு ஆசிரியராக வந்தார். 1960களின் இறுதியில், மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டத்தின் சூழலில், ‘கந்தன் கருணை’ நாடகம் கூத்தின் ஆட்டத்தையும் தாளத்தையும் கொண்டு தீண்டாமையை எதிர்த்துப் பேசியது. பழைய வடிவத்தில் அதுவரை பேசப்படாத சொல் ஏறியது. ராப் இன்று நிற்கும் வாயிலில் கூத்து அன்று நின்றது.

புத்தூருக்குத் திரும்புவோம். வலிகாமக் கிழக்கின் இச்செம்மண் ஊர்களில் கல்வி எளிதாக எல்லாருக்கும் கிடைத்துவிடவில்லை. 1930 ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஒடுக்கப்பட்ட சமூகப் பிள்ளைகளும் ஏனையோருடன் ஒரே வாங்கில் அமரவேண்டும் என்ற சம ஆசன முறையைக் குடாநாட்டில் பலர் எதிர்த்தனர். பாடசாலைகள் தீயிடப்படவும் நேர்ந்தது. 1945 இல் இலவசக் கல்வி வந்தது. 1957 இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. எனினும் சட்டத்தால் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. 2017 இல் புத்தூரின் கலைமதிக் கிராம மக்கள், தம் குடிமனைகளுக்கு நடுவே பிணம் எரிக்கப்படுவதை எதிர்த்துப் போராட வேண்டியிருந்தது. புகை வீட்டுக்குள் வரும்போது பாடம் படிக்க முயலும் பிள்ளைக்குச் சொல்வதற்கு நிறைய உண்டு. பாடநூலில் அதற்கு இடமில்லை.

அத்தகைய பிள்ளை ஒரு தாளத்தின்மேல் தன் ஊரை எழுதத் தொடங்கினால் என்ன நிகழும்? முதலில் அது சொல் தேடும். ‘வாங்கு’, ‘பட்டை’, ‘துலா’, ‘பாத்தி’ என்னும் ஊர்ச்சொற்கள் பரீட்சைத் தமிழில் இல்லாதவை. எதுகைக்காக அவற்றைத் தேடும்போது பிள்ளை தன் பாட்டனிடம் செல்லும். பாட்டன் துலாப் பாட்டைச் சொல்லுவார். அதனோடு சேர்த்துச் சில செய்திகளையும் சொல்லுவார்: எந்தக் கிணற்றில் நீர் அள்ள அவரை விட்டார்கள், எந்தக் கிணற்றில் விடவில்லை என்று. அவ்வாறு ஒரு பாட்டுப் பயிற்சி மொழிப்பாடமாகவும், வரலாற்றுப் பாடமாகவும், குடிமைப் பாடமாகவும் ஒருங்கே அமைந்துவிடும். அதே வகுப்பில் மறுபக்கத்து வாங்கில் இருக்கும் பிள்ளையும் அதனைக் கேட்க நேரும். சம ஆசனம் உடலை அருகருகே இருத்தியது. ஒருவர் சொல்லை மற்றவர் இருந்து கேட்பது அதன் எஞ்சிய பாதி.

குறைகளும் இல்லாமற் போகவில்லை. செல்வத்தையும் வன்முறையையும் புகழ்ந்து, பெண்களை இழிவுபடுத்தும் பாட்டுகள் இக்கலையில் மலிந்துள்ளன. வணிக நிறுவனங்கள் ஏழையின் கோபத்தையும் விலைப்பொருளாக்குவதுண்டு. பாட்டு புகழ்பெற்ற பின் அதன் பெருமை எவருக்கு உரியது என்ற பிணக்கு ‘என்ஜாய் எஞ்சாமி’க்கும் நேர்ந்தது. ஆசிரியருக்கு இன்னொரு சோதனையும் உண்டு. மாணவன் உண்மை பேசத் தொடங்கினால், அவ்வுண்மை சில வேளை பள்ளிக்கூடத்தையே சுட்டும். அப்போது வாயை மூடச் செய்யும் ஆசிரியர், தாளத்தை மட்டும் வைத்துக்கொண்டு கல்வியைக் கைவிடுகிறார்.

நிலாவரையின் அருகே தோட்டஞ் செய்வோர் ஒன்றை அனுபவத்தால் அறிவர். நன்னீர் மேலே மெல்லிய படலமாகவே நிற்கின்றது. மழை இறங்காமல், இறைப்பு மட்டும் மிகுந்தால், கீழேயுள்ள உவர்நீர் மேலெழுந்து பயிரைக் கருக்கிவிடும். வெளியிலிருந்து வரும் மழையும் வேண்டும். அதனை ஏற்றுத் தன் சுவையோடு தேக்கி வைக்கும் கல்லும் வேண்டும். புரொங்ஸின் தாளம் வந்துவிட்டது. அதில் ஏறவேண்டிய சொல், புத்தூர்ப் பாடசாலை ஒன்றின் பின்வாங்கில் அமர்ந்திருக்கும் பிள்ளையிடம் இருக்கிறது. அப்பிள்ளையை எழுப்பி முன்னே நிறுத்திக் கேட்பது ஆசிரியரின் கடமை.